இருக்கு என்று சொன்ன சந்து

தாராவி
11.8.2024

அன்புள்ள மாரீஸ்வரிக்கு,

உன் மதினி எழுதுவது. நானும் மகள் கீதாவும் நல்ல சுகம். நீ, தம்பி சுரேந்திரன், பிள்ளைகள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? ரூம் மாறிவிட்டோம் என்று விலாசத்தை மட்டும் எழுதிப் போட்டாயே, ரூம் எப்படி, தண்ணீர் எப்படி என்று ஒரு வரி கிடையாது. போனில் கேட்டிருக்கலாமே என்பாய். எங்கள் சந்தில் போன் பேசினால் நாலு வீட்டுக்கும் சேர்த்துப் பேசிய மாதிரி. உன் வீட்டிலோ போன் எப்போதும் தம்பி கையில். மனசு விட்டுச் சொல்லத் தபால்தான் சரி.

இந்த வாரம் இங்கே ஒரு நாடகம் நடந்தது. எனக்கு மெஷின் கொடுத்த சன்ஸ்தாக்காரர்கள், அந்தத் தொண்டு நிறுவனத்து ஆட்கள், பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தார்கள். நீ கல்யாணமாகி வருவதற்கு முந்தின கதை இது, உனக்கு முழுசாகத் தெரியாது. உங்கள் அண்ணாச்சி போய்ச் சேர்ந்த பிறகு நானும் கீதாவும் தண்ணீர்க் குழாய் ஓரத்தில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். எங்களை மாதிரி ஒன்றுமே இல்லாதவர்களாகப் பார்த்துப் பிடித்தார்கள். எனக்குச் சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்கும் பிக்கோ மெஷின். லூசியம்மாளுக்கு முறுக்குச் சுடும் சாமான். ஒரு வருஷம் அரிசி பருப்புக்கும் கொடுத்தார்கள். வாரம் தவறாமல் ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தொழிலைப் பார்த்தாள். இரண்டு வருஷம் ஆனதும், இனி உங்கள் பாடு என்று போய்விட்டார்கள்.

இப்போது எப்படி இருக்கிறோம் என்று கேட்க மாலதி என்று ஒருத்தி வந்தாள். செம்பூர்ப் பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுகிறாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுகிறாள். கழுத்தில் அட்டை தொங்கவிட்டு யார் வந்தாலும் எங்கள் சந்துக்கு ஒரே வழக்கம்தான். குழாயடியிலிருந்து “சர்வே” என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், வீடுகள் காலியாகிவிடும். என் மெஷின்கள் மூன்றும் எதிரில் இருக்கும் முகைதீன் பாயின் தோல் கிடங்குக்குப் போய்விட்டன. ஃபிரிட்ஜைத் தூக்க நேரமில்லை. பெட்ஷீட்டைப் போர்த்தி இசக்கியம்மன் படத்தைச் சாய்த்து வைத்தேன், சாமி அலமாரி ஆகிவிட்டது. கிழிந்த சேலையைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

தொழில் எப்படி என்றாள். மெஷின் என்றைக்கோ கெட்டுப்போனது என்றேன். சாப்பாடு என்றாள். ஒரு வேளை உண்டு, ஒரு வேளை இல்லை என்றேன். லூசியம்மாள் அழுதே காட்டிவிட்டாள், அவளுக்கு அழுகை கைவசம். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் நம்பி டேப்லட்டில் தட்டிக்கொண்டு போனாள். அவள் தலை மறைந்ததும் சந்தே சிரித்தது.

நீ திட்டாதே. இருக்கிறது என்று வாய் திறந்தால், இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் ரேஷன் கார்டு ஆரஞ்சாகிவிடும், அரிசி குறைந்துவிடும். கொடுத்த மெஷினைத் திரும்பக் கேட்டாலும் கேட்பார்கள். கண் படும் என்கிற பயம் வேறு.

பிள்ளைகளுக்கு என் முத்தம். தம்பியை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

உன் மதினி,
முப்பிடாதி

அம்பர்நாத்
1.9.2024

அன்புள்ள மதினிக்கு,

மாரீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தம்பியும் பிள்ளைகளும் நானும் நலம். உங்களையும் கீதாவையும் அம்மன் நன்றாக வைத்திருக்க வேண்டும். ரூம் நல்ல ரூம்தான், காற்று வருகிறது. உங்கள் தம்பி வழக்கம்போல வேலைக்குப் போய்வருகிறார்.

உங்கள் நாடகத்தைப் படித்துச் சிரித்தேன். சாமி அலமாரியைப் பிள்ளைகளிடம் சொன்னேன், சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒன்று கேட்கட்டுமா? இங்கே பக்கத்து வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தார். மெஷினில் கை மாட்டி வலது கையில் விரல்கள் போய்விட்டன. நாள் கூலி ஆள் என்று கான்டிராக்டர் கையை விரித்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். இருந்த ரூமையும் விட்டு, சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். மத்தியானம் ஒரு நேரம்தான் அடுப்பு எரிகிறது. அந்த சன்ஸ்தாக்காரர்கள் அம்பர்நாத் பக்கம் வருவார்களா என்று கேட்கச் சொன்னாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினில் குனிந்தே உட்கார்ந்திருக்காதீர்கள்.

அன்புடன்,
மாரீஸ்வரி

தாராவி
9.9.2024

அன்புள்ள மாரீஸ்வரிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம். எனக்கு இடுப்பு வலி, அது என்னோடு கூடப் பிறந்தது, விடு.

உன் பக்கத்து வீட்டுக்காரிக்கு நாலு வார்த்தை சொல்லு. வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. அவளுக்கு அண்ணன் தம்பி, நாத்தனார் என்று யாருமே இல்லையா? இருந்தும் சொல்லாமல் இருக்கிறாள் என்றால் அவளை இரண்டு சாத்து சாத்த வேண்டும். நான் சொன்னதாகவே சொல்.

மாலதிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அடுத்து அம்பர்நாத்தில்தான் தொடங்கலாம் என்று பேச்சு இருக்கிறதாம். வந்தால் பயப்பட வேண்டாம் என்று சொல். ஆரம்பத்தில் நானும் பயந்தேன். மெஷினைக் கொண்டுவந்து வைத்தபோது அதை விற்றுச் சாப்பிட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு வருஷம் சாப்பாட்டுக்கும் கொடுத்தார்களே, அதனால் விற்கவில்லை. வயிறு அடங்கினால்தான் கை தொழில் பழகும். வாரம் ஒருத்தி வந்து, இந்த வாரம் எத்தனை சேலை, மாட்டுங்காவில் எந்தக் கடைக்குப் போனாய் என்று கேட்பாள். நான் என்ன ஆனேன் என்று கேட்க ஒரு ஆள் இருந்தது பெரிய விஷயம், மாரீஸ்வரி. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றே கடைக் கடையாக ஏறினேன்.

தம்பி ஏன் என்னோடு பேசுவதே இல்லை? போன் போட்டால் டியூட்டி என்கிறான். ஞாயிற்றுக்கிழமையுமா டியூட்டி?

எல்லோருக்கும் என் அன்பு.

உன் மதினி,
முப்பிடாதி

அம்பர்நாத்
20.10.2024

அன்புள்ள மதினிக்கு,

பதில் தாமதம், மன்னிக்க வேண்டும். தபால் தலை வாங்கப் போக நேரம் வாய்க்கவில்லை. இங்கு யாவரும் நலம். உங்கள் இடுப்புக்கு எண்ணெய் போடக் கீதாவிடம் சொல்லுங்கள்.

சன்ஸ்தாக்காரர்கள் வந்தார்கள் மதினி. மைதானத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து, தரையில் கோலப்பொடியால் தெருவை வரைந்தார்கள். எந்த வீட்டில் வசதி இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று ஊர்க்காரர்களையே சொல்லச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு அங்கே நிற்கவே கூச்சம். ஒரு மராத்திக்கார அம்மா அவள் வீட்டைக் காட்டி, இதைவிட இல்லாத வீடு இங்கே இல்லை என்று சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பெயர் சேர்ந்துவிட்டது. பொங்கல் கழித்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு ராத்திரி அவள் வீட்டில் எல்லோரும் நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன தொழில் கேட்கலாம், கிரைண்டர் கேட்கலாமா, மாவு யார் வாங்குவார்கள் என்று. அவள் வீட்டுக்காரர் பல மாதம் கழித்துச் சிரித்தார்.

தீபாவளிக்கு எங்களால் வர முடியாது. பிள்ளைகளுக்குப் பரீட்சை.

அன்புடன்,
மாரீஸ்வரி

தாராவி
27.10.2024

அன்புள்ள மாரீஸ்வரிக்கு,

நல்ல சேதி எழுதினாய். பெயர் சேர்ந்தது எனக்கே சேர்ந்தது மாதிரி இருக்கிறது. கிரைண்டர் என்றால் மாவு புளிப்பதைப் பார்த்து வைக்கத் தெரிய வேண்டும், அதை மட்டும் அவளிடம் கேட்டுக்கொள்.

தீபாவளிக்கு வராததற்குப் பரீட்சை ஒரு சாக்கு. கோபம்தான், இருந்தாலும் எங்கள் சந்து வேல்ராஜிடம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன். அவன் அந்தப் பக்கம் சரக்குப் போடப் போகிறவன், ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள். உங்களுக்குத் துணி, லூசியம்மாள் வீட்டு முறுக்கு. பாதி முறுக்கைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடு.

தீபாவளி நல்லபடியாகக் கழியட்டும்.

உன் மதினி,
முப்பிடாதி

அம்பர்நாத்
8.12.2024

அன்புள்ள மதினிக்கு,

நலம். நலமறிய ஆவல். துணி கிடைத்தது, முறுக்கு கிடைத்தது. பதில் எழுதக் கை வரவில்லை.

சன்ஸ்தா இங்கே வராது என்று சொல்லிவிட்டார்கள். போன வாரம் ஒரு பெண் வந்து வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனாள். பாவம், அவளுக்கே அழுகை. தாராவியில் முன்பு உதவி வாங்கியவர்களைப் போய்ப் பார்த்தார்களாம். இரண்டு வருஷம் நன்றாக இருந்தவர்கள் பத்து வருஷத்தில் பழைய நிலைமைக்கே திரும்பிவிட்டார்களாம். மெஷின் இல்லை, தொழில் இல்லை, சாப்பாடும் இல்லை. நிலைக்காத உதவிக்கு மறுபடி எதற்குப் பணம் என்று பணம் தருகிறவர்கள் கேட்கிறார்களாம்.

மதினி, நான் அங்கேயே நின்றிருந்தேன். அது பொய், எங்கள் மதினி வீட்டில் மூன்று மெஷின் ஓடுகிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் உங்கள் கார்டு போய்விடுமே என்று விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, நீங்கள் பயப்பட வேண்டாம்.

 பக்கத்து வீட்டுக்காரி பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கீதாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மாரீஸ்வரி

தாராவி
29.12.2024

அன்புள்ள மாரீஸ்வரிக்கு,

பதில் போட இத்தனை நாள் ஆக்கியதற்கு என்னைத் திட்டு. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் தைக்க முடியவில்லை. ஊசி போகிற இடம் கண்ணுக்குத் தெரியவில்லை.

நாங்கள் சிரித்த சிரிப்பு யார் வயிற்றில் போய் விழுந்திருக்கிறது, பார். அன்றைக்கு உதவி வாங்கியவர்களில் பெரும்பாலோர் எங்கள் சந்திலும் அடுத்த சந்திலும்தான் இருக்கிறோம். இரண்டு சந்தும் சேர்ந்து இல்லை என்றால் அவர்கள் வேறு என்ன எழுதுவார்கள்? நீ என் கார்டுக்காக வாயை மூடிக்கொண்டு நின்றாய் என்று படித்தபோது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

கீதாவைக் கூட்டிக்கொண்டு செம்பூரில் அவர்கள் ஆபீசுக்குப் போனேன். பெரிய சார் வடக்கத்திக்காரர், மாலதிதான் இரண்டு பக்கமும் சொன்னாள். எனக்கு எல்லாம் இருக்கிறது, அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். அன்றைக்குச் சொன்னது பொய் என்றால், அம்பர்நாத்தில் தெரிந்தவர்களுக்கு உதவி கிடைக்க வேண்டும் என்று இன்றைக்குச் சொல்வது மட்டும் எப்படி நிஜம் என்றார். என் வீட்டை வந்து பாருங்கள் என்றேன். ஒரு வீட்டைப் பார்த்துப் பயனில்லை, எல்லா வீட்டையும் பார்த்தால் யோசிக்கலாம் என்றார். மாலதி வாசல் வரை வந்தாள். உங்களை நம்பி எழுதினேன் ஆன்ட்டி, என் வேலை போகப் பார்த்தது என்றாள்.

சந்துக்கு வந்து எல்லோரையும் கூட்டிப் பேசினேன். யாரும் அசையவில்லை. லூசியம்மாள்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள். “ஏட்டி முப்பிடாதி, ஊருக்கு உதவப் போயி எங்க கார்டுக்கு வேட்டு வச்சிராத. அம்பர்நாத்துல இருக்கவ எனக்கு யாரு, மாமியாளா, மருமவளா?” அவள் சொன்னதில் தப்பு இல்லை. அவளுக்கு வயசான புருஷன், மஞ்சள் கார்டு அரிசியில்தான் பாதி மாதம் ஓடுகிறது.

எல்லோரும் போன பிறகு அவளைத் தனியாக உட்கார வைத்து ஒன்று சொன்னேன். என்னவென்று இங்கே எழுதவில்லை. கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள்: “நா யாருக்கும் எதையும் காட்ட மாட்டேன். வீட்டுக்கு வெள்ள அடிக்கப் போறேன். சாமான வெளிய வைக்காம எப்படி அடிக்க? அந்நேரம் ரோட்டுல போறவுக பாத்துட்டா நா என்ன செய்ய முடியும்?”

கிறிஸ்துமஸுக்கு அடித்த சுண்ணாம்பு அவள் வீட்டில் இன்னும் பளபளவென்று இருக்கிறது. மறுபடியும் அடிக்கப் போகிறாளாம். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, எங்கள் வெள்ளையடிப்போடு சேர்த்து.

வேல்ராஜிடம் ஒரு பை அனுப்புகிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய், இரண்டு ஜோடி ஸ்கூல் ஷூ. எல்லாம் பக்கத்து வீட்டுக்காரிக்கு. ஷூ அளவு தெரியாமல் உன் பிள்ளைகள் அளவுக்கே வாங்கினேன். அவள் மறுத்தால் நீ வாங்கி வைத்துக்கொள்.

உன் மதினி,
முப்பிடாதி

தாராவி
15.1.2025

அன்புள்ள மாரீஸ்வரிக்கு,

பொங்கல் வாழ்த்து. உன் வீட்டிலும் பால் பொங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சாமி கும்பிட்டோம், சாப்பிட்டோம், தூங்கினோம். உடம்பெல்லாம் வலி, மனசெல்லாம் நிறைவு. முந்தாநாள் எழுத உட்கார்ந்தேன், கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லூசியம்மாள்தான் முதலில் சாமானை வெளியே வைத்தாள். முறுக்கு பிழியும் மெஷின், பெரிய எண்ணெய்ச் சட்டி, கட்டில், டிவி. அடுத்து நான் மூன்று மெஷினையும் வரிசையாக வைத்தேன். ஃபிரிட்ஜை வேல்ராஜ் தூக்கி வந்தான். இந்தத் தடவை போர்வை இல்லை. எங்களைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. கிரைண்டர், கூலர், பீரோ, சைக்கிள், கீதாவின் லேப் டெக்னீஷியன் சர்ட்டிபிகேட் கண்ணாடிச் சட்டத்தோடு. அவள் கோபர்கைரனே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த போட்டோவும் அதன் பக்கத்தில். பிறகு அடுத்த சந்திலும் ஆரம்பித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் கால் வைக்க இடமில்லை.

மாரீஸ்வரி, எங்களுக்கு இவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து வருஷமாக ஒளித்து ஒளித்து வைத்தோமே, நாங்களே ஒரு இடத்தில் பார்த்ததில்லை. லூசியம்மாள் சுண்ணாம்பு மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சந்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். அன்றைக்கு அவள் அழுதது நிஜ அழுகை.

மாலதி பெரிய சாரைக் கூட்டி வந்தாள். மனுஷர் வயிற்றை எக்கிக்கொண்டு ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவே நுழைந்து வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இதெல்லாம் உங்களுடையதுதான் என்று எப்படி நம்புவது, இரவல் வாங்கி வைத்திருக்கலாமே என்றார். நான் வாய் திறப்பதற்குள் முகைதீன் பாய் கிடங்கிலிருந்து வெளியே வந்துவிட்டார். “சாரு, போன தடவ நீங்க ஆளு அனுப்புனப்ப இம்புட்டுச் சாமானும் என் கிடங்குலதான் கெடந்துது. என் தோல வைக்க எடமில்லாம அன்னைக்கு ஒரு லோடு திரும்பிப் போச்சு. அந்த நட்டத்த யாருகிட்ட கேக்க?” மாலதி இதை இந்தியில் சொன்னதும் சார் முதல் தடவையாகச் சிரித்தார்.

சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். சந்தே என் வாயைப் பார்த்தது. எனக்குப் பேச்சு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

“சார், ஒண்ணும் இல்லாதப்ப இல்லன்னு சொல்லித்தான் எங்களுக்கு எல்லாம் கெடச்சுது. இருக்குன்னு சொன்னா என்ன கெடைக்கும்னு யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல. இருக்கு சார். எனக்கு எல்லாம் இருக்கு. எங்கிட்ட ரெண்டு பொம்பளையளு வேல பாக்காவ. நா கடைசியா பட்டினி கெடந்தது என் மவ மூணாங்கிளாஸ் படிக்கும்போது.”

மாலதி அதை ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னாள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். இருக்கு, இருக்கு என்று சந்து முழுக்க ஒரே சத்தம். இப்படி ஒரு சத்தம் இந்தச் சந்தில் நான் கேட்டதில்லை.

சார் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. வேறு ஆட்களை அனுப்பி எல்லா வீட்டையும் மறுபடி பார்க்கச் சொல்கிறேன், அதை வைத்துப் பணம் தருகிறவர்களிடம் பேசுகிறேன் என்று போனார். யார் வந்தாலும் வரட்டும். இந்தச் சந்தில் இனிமேல் எந்தச் சாமானும் கிடங்குக்குப் போகாது.

உன் பக்கத்து வீட்டுக்காரியிடம் தைரியமாக இருக்கச் சொல்.

உன் மதினி,
முப்பிடாதி

அம்பர்நாத்
2.2.2025

அன்புள்ள மதினிக்கு,

நாங்கள் நலம், உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தை உங்கள் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். இருக்கு, இருக்கு என்று வந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து மறுபடியும் வாசி என்றார்.

ஷூ சரியான அளவு என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அவள் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

மாரீஸ்வரி

அம்பர்நாத்
30.3.2025

அன்புள்ள மதினிக்கு,

மாரீஸ்வரி காலில் விழுந்து வணங்கி எழுதுவது. உங்கள் உடம்பும் கீதாவின் உடம்பும் சுகம்தானே? நாங்கள் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

சன்ஸ்தா வந்துவிட்டது. புதிதாக வந்து பார்த்தவர்கள் உங்கள் இரண்டு சந்தையும் பற்றி எழுதியதை வைத்துப் பணம் தருகிறவர்கள் ஒத்துக்கொண்டார்களாம். இங்கே எத்தனையோ வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். வாரம் ஒரு பெண் வருகிறாள். போன வாரம் கிரைண்டர் வந்து இறங்கியது. முதல் மாவு கொஞ்சம் தண்ணியாகிவிட்டது, இரண்டாவது நாள் சரியாக வந்தது. லைன் வீடுகளில் இருக்கும் நம் ஆட்களும் மராத்திக்காரர்களும் வாங்குகிறார்கள். உங்கள் தம்பி இடது கையில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போட்டுவிட்டு வருகிறார்.

ஆமாம் மதினி, இடது கையில். பக்கத்து வீட்டுக்காரி என்று யாரும் கிடையாது. நான்தான் அவள். விரல் போனது உங்கள் தம்பிக்குத்தான், போன வருஷம் சித்திரையில். அக்காவுக்குத் தெரியக் கூடாது, குழாய் ஓரத்திலிருந்து அவள் ஏறி வந்தது போதும், அவள் தலையில் நாமும் ஏற வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். எழுதும்போதெல்லாம் பொய் எழுதுகிறோமே என்று இருக்கும். ஆனால் அந்தக் கடிதம் எழுதுகிற நேரம் மட்டும் நான் பசியில்லாத வீட்டுக்காரியாக இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நேற்று அவரே, அக்காவுக்கு உள்ளதை எழுது என்று சொன்னார். நீங்கள் கோபப்படலாம். கோபப்பட்டுவிட்டு வாருங்கள், என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும்.

உங்கள் மாரீஸ்வரி

தாராவி
6.4.2025

என் அன்பு மாரீஸ்வரிக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். சந்து முழுக்க உன் கிரைண்டரைச் சொல்லிவிட்டேன், போனில் பேசாமலேயே.

என் கார்டு ஆரஞ்சாகிவிட்டது. நானே போய் மாற்றிக்கொண்டேன். வெளியே வந்ததும் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். லூசியம்மாள் கார்டை யாரும் தொடவில்லை. வெள்ளை அடித்த கூலியை மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் கோபப்படுவேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு டிசம்பரிலேயே தெரியும்.

நிலைக்காத உதவி என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை நேரில் பார்த்துக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ரயிலேறி அம்பர்நாத் வந்தேன். விலாசத்தை வைத்துக்கொண்டு கால்வாய் ஓரமாக வந்தால், உன் வீட்டுக்கு ஒரு பக்கம் கம்பெனி மதில், மறு பக்கம் சாக்கடை. பக்கத்து வீடு என்று ஒன்றைக் காணோம். மதில் ஓரத்திலேயே நின்றுவிட்டேன். நீ வீட்டில் இல்லை. என் தம்பி வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளின் யூனிபாரத்தை ஒற்றைக் கையால் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தான். எங்கள் அம்மா வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாதவன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

எழுந்து வந்தான். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே வந்தான். நான் அழுவதற்கு முன்னால் அவன் சொன்னான்: “அக்கா, நீ வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம். அவ உனக்கு எழுதுத கடிதத்துலதான் இந்த வீடு நல்லா இருக்கு. அது அப்படியே இருந்துட்டுப் போவட்டும்.”

பணம் நீட்டினேன், வாங்கவில்லை. அதனால்தான் அரிசியும் ஷூவும் பக்கத்து வீட்டுக்காரி பேருக்கு வந்தன. லூசியம்மாளிடம் நான் தனியாகச் சொன்னதும் இதுதான். அம்பர்நாத்தில் இருப்பவள் என் தம்பி பெண்டாட்டி என்றேன்.

உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று நினைக்காதே. நீ என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தாய், நான் அதற்கு ஒத்தாசை செய்தேன், அவ்வளவுதான். இனி இரண்டு பேருக்கும் அந்த வேலை இல்லை.

பிள்ளைகளையும் தம்பியையும் கேட்டதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை கீதாவோடு வருகிறேன். உன் மாவில் இட்லி ஊற்றி வை, வயிறு முட்டச் சாப்பிடுவேன். இந்தத் தடவை மதில் ஓரத்தில் நிற்க மாட்டேன், உன் வாசலுக்கே வந்து சத்தம் கொடுக்கிறேன்.

உன் மதினி,
முப்பிடாதி